பன்னிரண்டு கொட்டகைகளும் கடைசி வீடும்

1

இந்தக் கதை நான் பிடுங்கிய ஒரு பிளக்கிலிருந்து பிறந்தது. கதை வாசிப்புக் கூட்டத்துக்குப் போகச் சட்டை தேய்க்க வேண்டியிருந்தது. (வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் நாற்காலிகளைத் திரும்ப எடுத்துப்போக வந்தவர்.) மூன்று நாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அக்காவின் கணினி பொசுக்கென்று அணைந்தது.

இருண்ட திரையைப் பார்த்ததும் அக்காவின் முகத்தில் முதலில் ஏதோ தளர்ந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"அறிவிருக்காடா உனக்கு?"

"சட்டை எப்படி இருக்கு, அதச் சொல்லு."

அவளே பிளக்கைச் செருகி, முதலிலிருந்து ஓடவிட்டாள்.

2

'நகரம் ஒரு தாளாக விரிந்து...' வேண்டாம், கவிதை வாடை அடிக்கிறது. நேராகவே சொல்கிறேன். எங்கள் நகரத்தில் ஆம்புலன்ஸ் நிறுத்தப் பன்னிரண்டு கொட்டகைகள் கட்டப்போகிறார்கள். காலி இடங்கள் முந்நூறு. எந்தப் பன்னிரண்டு? தேர்ந்தெடுக்கும் வழிகளை எண்ணினால் இருபத்தோரு இலக்கம் வருகிறது. ஆகக் கடைசி வீட்டுக்கும் வண்டி எவ்வளவு சீக்கிரம் போக முடியுமோ, அவ்வளவு சீக்கிரம் போக வேண்டும். அதுதான் அக்காவிடம் ஒப்படைத்திருக்கும் கணக்கு.*

* கணினி எல்லா வழியையும் பார்ப்பதில்லையாம். 'இந்தப் பக்கம் எதுவும் தேறாது' என்று நிரூபித்து, கோடிகோடியாக ஒதுக்கித் தள்ளுமாம். விடை முதல் நாளே கிடைத்துவிடலாம். அதைவிட நல்லது எங்கும் இல்லை என்று உறுதிசெய்யத்தான் மற்ற நாட்கள். எழுதிய ஒரு பத்தியை அடித்துத் தள்ளவே நான் ஒரு வாரம் அழுகிறவன்.

3

'அப்பா ஜன்னலோரம் நெஞ்சைத் தடவியபடி...' அடித்துவிட்டேன். படித்தால், "எனக்கென்னடா கேடு?" என்று மாடிப்படி ஏறிக் காட்டுவார். போன வருடம் அதே படியில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

"நம்ம வீட்டுக்கு வண்டி எவ்வளவு நேரத்துல வரும்க்கா?"

"சாப்பிட்டியா நீ?"

4

முடிவு அ: அக்கா திரையில் ஒரு கொட்டகைப் புள்ளியை எங்கள் தெருப்பக்கம் நகர்த்துகிறாள். ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. (மகனாக எனக்குப் பிடித்த முடிவு.)

முடிவு ஆ: நகர்த்தவில்லை. அப்புறம் ஒரு நாள் அப்பா... இதற்குமேல் பேனா நகரவில்லை. உங்களால் முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

5

கணக்கு முடிந்தது. திரையில் பன்னிரண்டு புள்ளிகள். இருபத்தோரு இலக்கத்தில் இதைவிட நல்லது ஒன்றுகூட இல்லை. கோயிலில்கூட நான் அப்படிக் கைகட்டி நின்றதில்லை.

"பேச்ச மாத்தாம சொல்லுக்கா. நம்ம வீடு?"

அக்கா திரையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நம்ம வீடுதான்டா கடைசி. பதினோரு நிமிஷம். முதல் நாளே தெரியும். ஒரு கொட்டகைய நம்ம பக்கம் நகத்தினா, வேற யாரோட அப்பாவுக்கோ பதினாலு ஆயிடும்."