கிரிஜா கொன்ற மரங்கள்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. சைனிக்புரியில், எங்கள் மாடிப்படியில். கீழ்வீட்டு கிரிஜா போனில் சொல்கிறாள்:

"நூத்துக்கு ரெண்டாவது சாகணும் சார். ஒண்ணுகூட சாகலைன்னா யார் நம்புவா?"

இருபத்தெட்டு வருஷமாகத் தொடர்கதையில் வாராவாரம் ஆளைக் கொன்று பிழைப்பவன் நான். விடுவேனா?

‘மார்பிள் படியில் ரத்தம் சொட்…’

(அடித்துவிட்டேன். விசாரித்தால், சாகவேண்டியவை மரங்கள்.)

2

கிரிஜா ஓர் ஆய்வு நிலையத்தில் ஒப்பந்த விஞ்ஞானி. வெயில் ஏற ஏற மழைக்காடு எவ்வளவு கார்பனைப் பிடித்துவைக்கும் என்று கம்ப்யூட்டரில் காடு வளர்த்துப் பார்க்கிறாள். அந்தக் காட்டில் 2100 வரை ஒரு மரமும் சாவதில்லை.*

"எப்படிம்மா?"

"‘இறப்பு’ங்கிற கட்டத்துல யாரோ சோதனைக்குப் பூஜ்யம் போட்டிருக்காங்க, அங்கிள். அப்படியே நின்னுடுச்சு. வறட்சி வந்தா மரம் சாகும், மக்கும், பிடிச்ச கார்பனைத் திருப்பி விட்டுடும். வருஷத்துக்கு நூத்துக்கு ரெண்டுன்னு போட்டா, 2060லயே காடு வாங்கறதைவிட விடறது ஜாஸ்தி."

"போட்டுடேன்."

"நாளைக்கு மந்திரி வர்றார். ‘சாகாத காடு’ன்னு பேனரே அடிச்சாச்சு. பூஜ்யத்துல நான் கையெழுத்துப் போடலைன்னா வேலை போயிடும்."

* என் வில்லன்களும் அப்படித்தான்.

3

அவளுடைய டைரக்டர் வேதாசலத்தை மீசை முறுக்கும் ஆளாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. சாயங்காலம் அவரே கிரிஜாவைச் சமாதானப்படுத்த வந்தார், ஒஸ்மானியா பிஸ்கெட்டோடு. வாசலில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சார்! உங்க பரம ரசிகன். செத்துப்போன இன்ஸ்பெக்டரை, வாசகர்கள் அழுதாங்கன்னு எழுப்பினீங்களே? அதைத்தான் நானும் இந்தப் பொண்ணுகிட்ட கேக்கறேன்."

"நக்கோ சார், வேணாம். அது கதை," என்றாள் கிரிஜா.

"நாட்டுக்கும் ஒரு கதை வேணாமாம்மா?"

நான் பிஸ்கெட்டைக் கடித்தேன். மீதியைப் பெட்டியிலேயே வைத்தேன்.

4

முடிவுகள்:

அ) மந்திரி முன்னால் கிரிஜா பேனரைக் கிழிக்… (சினிமா.)

ஆ) பூஜ்யம். கைதட்டல். பிரியாணி. (செய்தி.)

இ) வேதாசலத்துக்கு இரட்டைச் சகோதரன் வரு… (என் பழைய வியாதி.)

காலை ஒன்பதரை. ஆட்டோவில் கிரிஜா. மடியில் லேப்டாப். ‘இறப்பு’ கட்டம் இன்னும் காலி.

"அங்கிள், அந்த இன்ஸ்பெக்டர் நெஜமா செத்துட்டாரா, இல்லையா?"

"செத்துட்டார்மா," என்றேன். அவரை எழுப்பிப் பதினோரு வருஷம் கழித்து.

அவள் சிரித்தாளா என்று பார்ப்பதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது. என்ன போட்டாள் என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் போடுங்கள்:

இறப்பு: ______

(அடித்தல் திருத்தல் கூடாது.)