பூஜையில் வைத்த மோட்டார்

“மீனே ரெண்டுதான் கீது, அதுக்கு எதுக்குடி இத்தினி கரண்டு?”

மஞ்சுளா இப்படிக் கேட்டது போன பொங்கலுக்கு. அவள் சசிகலாவின் கணவன் வசந்தகுமாரின் அக்கா. தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் பழத்தோடு ஒரு கேள்வியையும் கொண்டுவருவாள். அன்றைக்குச் சசிகலா சிரித்து வைத்துவிட்டுக் காபி கலக்கப் போய்விட்டாள். தொட்டி வைத்தது மீனுக்காக அல்ல, அதில் வளர்க்கப்போகும் பவளத்துக்காக என்று சொல்லியிருந்தால் ‘கல்லுக்கா?’ என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். கல் இல்லை, உயிர் என்று சொன்னால் அதற்கும் ஒன்று வந்திருக்கும். நாத்தனாரோடு மல்லுக்கு நிற்கும் பழக்கம் சசிகலாவுக்கு அப்போது இல்லை.

வடக்குப்பட்டில் அவர்களுடையது சின்ன வீடு. ஹாலின் மூலையில், இரும்பு ஸ்டாண்டின் மேல் அந்த உப்புத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அவள் வேலை செய்யும் கம்பெனியில் கார்களுக்கான வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பார்கள். ஷிப்ட் முழுக்க நின்றபடியே வேலை. வீட்டுக்கு வந்ததும் தொட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த நேரத்தில் யாரும் அவளை எதையும் சீக்கிரம் முடிக்கச் சொல்வதில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம்தான் பவளங்கள் வந்தன. தண்டலத்தில் பகலவன் என்பவர் தன் வீட்டுத் தொட்டியில் வளர்த்து, துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பார். காசைக் கொடுத்தவுடன் தருகிற ஆள் இல்லை அவர். “மொதல்ல தண்ணியக் கெடாம வெச்சிக் காட்டுங்கம்மா. அப்பறம் பாக்கலாம்” என்று மாதக்கணக்கில் அலைய விட்டார். கடைசியில் மனசு இரங்கி ஐந்து துண்டுகள் கொடுத்தார். கொடுக்கும்போது ஸ்கூல் வாத்தியார் மாதிரி விரல் நீட்டிச் சொன்னார்:

“புது எடம், பயந்துகினு கெடக்கும். வெளிச்சத்தக் கம்மி பண்ணிக் கீழ மண்ணு மேல வையிங்க. ஒண்ணுக்கொண்ணு தள்ளி வையிங்க. பக்கத்துல வெச்சா கைய நீட்டிக் கொட்டிக்கும். தண்ணி ஓட்டம் மட்டும் நிக்கவே கூடாது. நல்லா கீதான்னு எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. இதுங்களக் கெடுத்துட்டீங்கன்னா எங்கிட்ட வராதீங்க.”

அவர் சொன்ன ஒன்றையும் அவள் விடவில்லை. பவளம் வந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு ஒத்துப்போகும் வரை காத்திருந்தாள். மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். புழு பூச்சி இருந்தால் போகட்டும் என்று மருந்துத் தண்ணீரில் அலசினாள். மண் மேல் ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தாள். விளக்கை மங்கலாக்கி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வந்தாள். முதல் இரண்டு நாள் ஐந்தும் சுருங்கியே கிடந்தன. பூஜைக்கு முந்தின நாள் அவற்றில் ஒன்று, பச்சை நுனி வைத்த குட்டி விரல்கள் மாதிரி, முழுசாக விரிந்தது. சசிகலா அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வசந்தகுமார் ஒரகடத்தில் அலுமினிய வார்ப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே கோடு போட்டு, பெயர் ஒட்டி, பளபளவென்று வைத்திருக்கும் லைனுக்கு அந்தக் கம்பெனியில் கோப்பை கொடுப்பார்கள். மூன்று வருஷமாக அது அவன் லைனுக்குத்தான். ஃபைவ் எஸ் என்று அதற்குப் பெயர். அந்த ஃபைவ் எஸ் வீட்டுக்குள்ளும் நுழைந்திருந்தது. மிளகாய்த்தூள் டப்பாவில் ‘மிளகாய்த்தூள்’ என்று லேபிள். கேஸ் சிலிண்டரைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப். சிலிண்டர் ஓடியா போய்விடும் என்று சசிகலா ஒருமுறை கேட்டதற்கு, ஒழுங்கு என்றால் என்னவென்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தான். டப்பாவோடும் சிலிண்டரோடும் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

பூஜையன்று அவள் கம்பெனிக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, கேட்டில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரகடம் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் மாட்டிக்கொண்டது. வீட்டுக்குள் நுழையும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சுளா சோபாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வசந்தகுமார் தொட்டிக்குப் பக்கத்தில் சிரித்த முகமாக நின்றிருந்தான்.

தொட்டி கண்ணைப் பறித்தது. விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்தது. பாறைகளை பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தான். மண்ணில் தள்ளித் தள்ளி இருந்த ஐந்து பவளங்களும் விளக்குக்கு நேர் கீழே, பாறையின் உச்சியில், இடைவெளி இல்லாமல் வரிசை கட்டி நின்றன. பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று நிற வரிசை. கண்ணாடியில் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு லேபிள்.

தண்ணீர் அசையவில்லை. மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

“எப்பிடி கீது?” என்றான் அவன். “முன்ன ஒண்ணு அங்க, ஒண்ணு இங்கன்னு கெடந்துச்சு. இப்ப பாரு.”

“மோட்டார் எங்கங்க?”

அவன் சாமி படத்தைக் காட்டினான். பலகை மேல் வாழை இலையில் ஸ்பேனர், சுத்தியல், அரிவாள்மணை, அவளுடைய கத்தரிக்கோல், அதற்குப் பக்கத்தில் தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் மோட்டார். சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து, மேலே ஒரு செவ்வந்திப்பூ.

“காலைலியே கழுவி வெச்சிட்டேன். வருசம் பூரா ஓடுது. அதுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் வோணாமா?”

சசிகலா பையைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டிக்கு ஓடினாள். பச்சைப் பவளம் தன் விரல்களைப் பக்கத்தில் இருந்த ஊதாவின் மேல் நீட்டிப் படிந்திருந்தது. அது தொட்ட இடமெல்லாம் ஊதாவின் சதை பழுப்புக் கோழையாகக் கழன்று தொங்கியது. தொட்டியை விரலால் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் திரும்பிப் பலகையை நோக்கிப் போனாள்.

“ஏய், இன்னா பண்ற?” மஞ்சுளா கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாள். “பூஜைல வெச்சத நாளைக்குக் காலைல கற்பூரம் காட்டிட்டுதான் எடுக்கணும். அதுகூடவா தெரியாது?”

“காலைல வரைக்கும் தாங்காது அண்ணி. செத்துடும்.”

“கல்லு எங்கனா சாவுமா?”

“ஃப்ரிட்ஜுக்கும்தான் பொட்டு வெச்சிருக்கு. அது ஓடிக்கினுதான கீது?”

“அதுல பாலு கீது, மாவு கீது. கெட்டுப் போவாதா?”

“டிவிக்கும் பொட்டு வெச்சிருக்கு. நீங்க பாத்துக்கினு இருக்கீங்க.”

மஞ்சுளா ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். “அது சும்மா வெச்ச பொட்டு” என்றாள். “ஆம்பள, லீவு நாளும் அதுவுமா குனிஞ்சி நிமிந்து தேச்சி வெச்சிருக்கான். நல்லா கீதுன்னு ஒரு வார்த்த வருதா இவ வாயில?”

“விடுக்கா” என்றான் வசந்தகுமார். சிரிப்பு போயிருந்தது. “சசி, ஒரு ராத்திரிதான். சும்மா சீன் போடாத.”

சசிகலா அவனைப் பார்த்தாள்.

“போன வருசம் பூஜை அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“அது எதுக்கு இப்போ?”

“ஓவர்டைம் பாக்கப் போனீங்க. ஃபர்னஸ் ஆறிப்போனா உள்ள இருக்கிற அலுமினியம் ஒறஞ்சி போயிடும், ஆள் நின்னே ஆவணும்னு சொன்னீங்க. நான் தனியா ஒக்காந்து படைச்சேன். அந்த ஃபர்னஸுக்கும் மாலை போட்டு, குங்குமம் வெச்சி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினீங்க. மாலைக்கு உள்ளாற நெருப்பு எரிஞ்சிக்கினுதான இருந்துச்சு? அதுக்கு ரெஸ்ட் வோணாம்னு எந்த சாமி சொல்லுச்சு?”

“அது கம்பெனி சொத்து. கோடிக்கணக்குல பொருள். இது இன்னா, உன் பொழுதுபோக்கு. ரெண்டும் ஒண்ணா?”

சட்டென்று சொல்லிவிட்டான். ஆனால் அது இப்போது முளைத்த நினைப்பில்லை என்பது சசிகலாவுக்குத் தெரிந்தது. அவன் டப்பாவில் லேபிள் ஒட்டினால் அது ஒழுங்கு. அவள் பவளத்தை மூலையில் வைத்தால் அது கண்ட இடத்தில் கிடப்பது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருநாளாவது கேட்டிருப்பானா? கேட்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது. இத்தனை நாள் காபி கலக்கப் போனது போதும் என்று தோன்றியது.

“அப்போ கம்பெனி பொருள்னா ஓடலாம். என் பொருள்னா நிக்கணும். இத சாமி மேல ஏன் தூக்கிப் போடுறீங்க? உங்க கணக்குன்னு சொல்லுங்க.”

“நீ மட்டும் எடுத்தேன்னு வெச்சிக்கோ...” என்று ஆரம்பித்தான் அவன்.

அவள் எடுத்துவிட்டாள். செவ்வந்திப்பூ இலையில் விழுந்தது. மஞ்சுளா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். சசிகலா பட்டுப்புடவையின் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு, சந்தனமும் குங்குமமும் போகும்வரை மோட்டாரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். குங்குமம் கரைந்து சொம்புத் தண்ணீர் சிவந்தது. மோட்டாரைத் தொட்டிக்குள் இறக்கி பிளக்கைச் செருகினாள். அது ஒருமுறை இருமி, பிறகு ஓடத் தொடங்கியது.

விளக்கைத் தணித்தாள். முழங்கை வரை கையை விட்டு, பச்சையை எடுத்து முதலில் மூலைக்குக் கொண்டுபோனாள். அடுத்து ஆரஞ்சு, பிறகு மற்ற இரண்டு. ஊதாவை எடுத்தபோது அதன் மேலிருந்த சதை கையோடு வந்தது, உள்ளே வெள்ளை எலும்புதான் மிச்சம். அதை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தாள். தரையெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டியது. மீன்கள் மெல்லக் கீழே இறங்கின.

“இனிமே இந்தத் தொட்டில கை வைக்காதீங்க” என்றாள், திரும்பாமல். “கிளீன் பண்ண வோணாம், வரிசை வைக்க வோணாம், ரெஸ்ட்டும் குடுக்க வோணாம். எதனா தெரியணும்னா எங்கிட்ட கேளுங்க. சொல்றேன்.”

மஞ்சுளா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் இப்போது ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தது தெரிந்தது. வசந்தகுமார் மேஜை மேல் செத்துக் கிடந்த துண்டைப் பார்த்தான், மனைவியின் நனைந்த கையைப் பார்த்தான். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பொத்தான்கூடப் போடாமல் வெளியே போய்விட்டான்.