கூத்தையாவைத் தாங்காத கம்ப்யூட்டர்

மணிவிழாப் படத்தில் நான்காவது நிமிடம் பன்னிரண்டாவது வினாடியில் கூத்தையா வானத்திலிருந்து இறங்குவார். இடப்பக்கம் ஒரு சிங்கம் நடந்து வரும். வலப்பக்கம் ஒரு கழுகு சிறகை விரிக்கும். முதுகுக்குப் பின்னால் தீ எரியும், தலைக்கு மேல் பூமாரி பொழியும். சரியாக அந்த இடத்தில் சாலிஹாவின் கம்ப்யூட்டர் நின்றுவிடும். திரை ஒரு நொடி உறையும், பிறகு கறுக்கும், பிறகு ஒன்றுமே அறியாத பிள்ளை மாதிரி முதலிலிருந்து கிளம்பி வரும். காலையிலிருந்து ஐந்து தடவை ஆகிவிட்டது.

மணி பன்னிரண்டரை. விழா ஆறு மணிக்கு.

கூத்தையாவுக்குத் திருவாடானைப் பக்கம் செங்கல் சூளை, இரண்டு ஜேசிபி, ஏழு சங்கங்களின் தலைவர் பதவி. அவற்றில் நான்கு சங்கங்களுக்கு உறுப்பினரும் அவர் ஒருவரே என்பதால் தேர்தல்கள் எப்போதும் அமைதியாக நடந்து முடியும். அறுபது வயது நிறைவதை ஒட்டி, ராமநாதபுரத்தின் பெரிய மண்டபத்தில் எல்இடி சுவர் கட்டி, தன் வாழ்க்கையைப் பன்னிரண்டு நிமிடத்தில் மக்களுக்குக் காட்டுவதென்று முடிவு செய்திருந்தார்.

சாலிஹா தேவிபட்டினத்துக்காரி. எட்டு வருஷம் மற்றவர்கள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, அவர்கள் பெயர் போட்டு வெளியான கல்யாணங்களையெல்லாம் வெட்டி ஒட்டியவள். மூன்று மாதத்துக்கு முன்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையின் மாடியில் அறை எடுத்துத் தன் பெயரில் பலகை மாட்டினாள். மண்டபத்தில் இன்று உட்காரப்போகிற ஆயிரம் பேரில் பாதிப் பேர் வீட்டில் வரும் தையிலும் மாசியிலும் கல்யாணமோ காதுகுத்தோ இருக்கிறது. படம் ஓடினால் கடை ஓடும். படம் நின்றால், 'பொம்பள கடை, அம்புட்டுதான்' என்று சொல்லிவிட்டு எழுந்து பந்திக்குப் போவார்கள். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் ஒவ்வொரு வெட்டுக்கும் சேமித்துவைக்கிற பழக்கம் உள்ளவள். நின்றால் நிற்கட்டும், வேலை எங்கும் போகாது. ஏன் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

மாடிப்படியில் சந்தன வாசனை முதலில் வந்தது, பின்னால் கூத்தையா வந்தார். அவருக்குப் பின்னால் அக்காள் மகன் பாண்டீஸ்வரன். மாமா தலைவராக இருக்கும் பேரவையின் ஐ.டி. பிரிவுச் செயலாளர். ஒருமுறை மாமா மறந்துபோன பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காகக் கிடைத்த பதவி. பாஸ்வேர்டு மாமாவின் செல்போன் நம்பர்தான்.

"என்னத்தா, படம் ரெடியா?"

"நீங்க எறங்குற எடத்துல நிக்குது தலைவரே. உக்காருங்க, காட்டுறேன்."

ஓடவிட்டாள். கூத்தையா மேகத்திலிருந்து செருப்பு நுனியை நீட்டினார். திரை கறுத்தது. ஆறாவது தடவை.

"கண்ணேறு," என்றார் கூத்தையா. "எதுத்த கோஷ்டிக்காரி மகேஸ்வரி நேத்துத்தான் கேட்டா, படம் எடுக்கீகளாமேன்னு. ஏலே பாண்டி, எலுமிச்சம்பழம் வாங்கியா. சூடமும் வாங்கிக்க."

"எலுமிச்சம்பழம் வைங்க. சூடம் மட்டும் வேணாம் தலைவரே, பெட்டி ஏற்கனவே கொதிக்கி."

"கண்ணேறுமில்ல ஒண்ணுமில்ல மாமா," என்றான் பாண்டீஸ்வரன், கீழே போய் வாங்கிவந்த எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்துக்கொண்டே. "இது கடக்காத்து. உப்பு உள்ள போயி சிப்பத் தின்னுருக்கும். இல்லாட்டி வைரஸ். அதுவுமில்லாட்டி மெசினே பழசு. மெட்ராஸ்ல இதுலயெல்லாம் யாருமே வேல பாக்குறதில்ல."

"மூணுல எதுண்ணே?" என்று கேட்டாள் சாலிஹா.

"மூணும் கலந்தாப்புல."

உப்பென்றால் எல்லா இடத்திலும் நிற்க வேண்டும். பழசென்றால் நேற்று மதியம் வரை எப்படி ஓடியது? நேற்று இதே இறக்கம், இதே சிங்கத்தோடு மூன்று தடவை ஓடியிருந்தது. சாலிஹா அவர் இறங்குகிற அந்தச் சில வினாடிகளை மட்டும் தனியாக வெட்டி எடுத்து வைத்தாள். அதிலிருந்த உருவங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக எழுப்பினாள்.

சிங்கம் மட்டும் நடந்தது. நிற்கவில்லை.

"சிங்கத்த எடுத்துராத," என்று பதறினார் கூத்தையா. "அதுக்காகத்தான் ஊரே வருது."

"எடுக்கல தலைவரே. விசாரிக்கிறேன்."

கழுகு பறந்தது. தீ எரிந்தது. பூ முழுக்கக் கொட்டி முடிந்தது. குற்றம் எதன் மேலும் இல்லை. கடைசியாகச் சிங்கமும் கழுகும் தீயும் பூவும் இல்லாமல், வெற்று வானத்தில் தலைவரை மட்டும் எழுப்பினாள்.

கம்ப்யூட்டர் நின்றது.

கூத்தையா திரையைப் பார்த்தார், பாண்டியைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் திரும்பி வந்ததும் சாலிஹா அந்தப் படக் கோப்பின் அளவைப் பார்த்தாள். படங்களெல்லாம் பாண்டீஸ்வரன் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன. 'தலைவர்' என்ற பெயரில் இருந்த படம், முந்தாநாள் அவள் பார்த்தபோது ஒரு சாதாரணப் படமாக இருந்தது. இப்போது அகலத்தில் முப்பத்தைந்தாயிரம் பிக்சல் புள்ளிக்கு வளர்ந்திருந்தது.

"பாண்டியண்ணே, நேத்து சாயங்காலம் டிஸ்க்க ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிட்டுப் போனீங்களே. இந்தப் படத்த மாத்துனீங்களா?"

"நான் எதையும் மாத்தல. அதே படந்தான், அதே பேருதான். பெருசா வச்சேன், அம்புட்டுதான். ரோட்டுல நாப்பதடி பிளக்ஸ் வச்சிருக்கோம்ல, அந்த ஒரிஜினலு. மாமா படம் சின்னதா இருக்கக் கூடாதுன்னு ஆர்டரு."

"நாந்தான் சொன்னேன்," என்றார் கூத்தையா. குரலில் பெருமைக்குக் குறைவில்லை.

"தலைவரே, மண்டபத்துச் செவுரே குறுக்க ரெண்டாயிரம் புள்ளிதான். நீங்க முப்பத்தஞ்சாயிரம். நாப்பதடி ஆள டவுன் பஸ்ல ஏத்தச் சொல்றீங்க. பஸ் எப்படிப் போகும்? சுருக்கிருவோம். செவுத்துல பாக்க ஒரு வித்தியாசமும் இருக்காது."

"சுருக்குறதா?" கூத்தையா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "மணிவிழா அன்னிக்கு என்னயச் சுருக்குனா வெளங்குமாத்தா? வித்தியாசம் மத்தவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எது முழுசு, எது சுருக்குனதுன்னு பாத்த ஒடனே சொல்லிருவேன்."

மணி இரண்டு. முழுப் படத்தையும் கம்ப்யூட்டர் ஒரே கோப்பாக எழுதி முடிக்க ஒரு மணி நேரம். அதை மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஓட்டிப் பார்க்க ஒரு மணி நேரம். ஆளை ஏமாற்றுவது இரண்டு நிமிட வேலை. அவருக்குத் தெரியாமல் சுருக்கிவிட்டு, பெரிசுதான் என்று சொல்லிவிடலாம். சாலிஹாவுக்கு அதில் விருப்பமில்லை. நாளைக்கே பாண்டி வாய் திறந்தால், படத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் அவளுக்குத்தான் வரும். தேர்ந்தெடுப்பவர் அவராகவே இருக்கட்டும்.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க தலைவரே. பெருசையும் சுருக்குனதையும் பக்கத்துல பக்கத்துல வக்கிறேன். வந்து, ஒங்களுக்கு எது ஒரிஜினல்னு படுதோ அதச் சொல்லுங்க. நீங்க கை காட்டுற படம் செவுத்துக்குப் போகும். மறுபேச்சு கெடையாது. சரியா?"

"இதுல என்னத்தா பரீட்ச," என்று சிரித்துக்கொண்டே அவர் வெளியே போனார். பெரிய படம் திறக்கவே ஒன்றரை நிமிடம் எடுத்தது. பாண்டீஸ்வரன் அதையும் பார்த்தான், சாலிஹாவின் முகத்தையும் பார்த்தான், பிறகு ஜன்னலுக்கு வெளியே பஸ்களை ஆராயத் தொடங்கினான்.

கூத்தையா உள்ளே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். இரண்டு கூத்தையாக்கள் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவர் யோசிக்கவே இல்லை. இடது பக்கத்துப் படத்தின் நெற்றியில் விரலை வைத்தார்.

"இதான். பாத்தாலே தெரியுதே. அந்தக் கண்ணுல ஒரு ஒளி இருக்கு பாரு. அந்தா இருக்கது மங்கல். உசுரே இல்ல."

"உறுதியா சொல்றீங்களா?"

"அறுவது வருசமா கண்ணாடி பாக்குறேன்த்தா."

"சரி தலைவரே. இதத்தான் வக்கப் போறேன்."

சாலிஹா வலது பக்கம் இருந்த நாற்பதடிக் கூத்தையாவை மூடினாள். பாண்டீஸ்வரனுக்குத் திடீரென்று தண்ணீர் தாகம் எடுத்துக் கீழே இறங்கிப் போனான். படம் நாலாவது நிமிடத்தைத் தாண்டியது, சிங்கம் நடந்தது, கழுகு விரிந்தது, தலைவர் தரையைத் தொட்டார். மூன்று பத்துக்கு எல்லாம் எழுதி முடிந்தது. 'அல்ஹம்துலில்லாஹ்' என்று முணுமுணுத்துவிட்டு, சாலிஹா பென் டிரைவ் இரண்டில் ஏற்றிக்கொண்டாள். ஒன்றை நம்பி மண்டபத்துக்குப் போகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

மண்டபத்தில் படம் ஓடியது. ஓர் இடத்திலும் நிற்கவில்லை. தலைவர் இறங்கியபோது பின்வரிசையில் விசில் பறந்தது. சிங்கத்துக்காக என்று சிலர் பிறகு சொன்னார்கள். ஏற்புரைக்கு மைக்கைப் பிடித்த கூத்தையா, உண்மையிலிருந்து ஒரு சொல்கூட விலகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

"காலையிலருந்து எம்படத்தப் போட்டுப் போட்டுப் பாக்குறாக. ஏழு தடவ கம்ப்யூட்டரு தாங்காம நின்னுருச்சு. சிங்கத்தத் தாங்குது, கழுகத் தாங்குது, என்னயத் தாங்கல. எட்டாவது தடவ தாங்க வச்ச கெட்டிக்காரி நம்ம சாலிஹா தங்கச்சி. பஸ் ஸ்டாண்டு பக்கம், செல்போன் கடை மாடி."

கைதட்டல் அடங்க நேரமானது. மேடைக்குப் பக்கத்தில் நின்ற சாலிஹா தலையை மட்டும் அசைத்தாள்.

மூன்றாம் நாள் காலை, படியேற முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு மகேஸ்வரி வந்து உட்கார்ந்தார். எதிர்க் கோஷ்டியின் மகளிர் சங்கத் தலைவி. தை மாதம் புது வீடு பால் காய்ச்சுகிறார், அதற்கு ஒரு படம் வேண்டும். கூடவே மகன் கல்யாணம், அதுவும் இங்கேதான். பேச்சு முடிந்தும் எழுந்திருக்காமல் முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்தாளுக்கு ஏழு தடவ நின்னுச்சாமே."

"ஆமாக்கா."

"நெசமாவா?"

"நெசந்தான்."

மகேஸ்வரி கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "எம்படத்துக்குப் பத்துத் தடவ நிக்கணும்."

சாலிஹா காலண்டரைப் புரட்டித் தை மாதத்தை எடுத்தாள்.

"நிக்க வச்சிரலாம்க்கா. ரெண்டு நாள் முன்னாடியே படத்தக் குடுத்துருங்க. பத்துன்னா கொஞ்சம் நேரம் புடிக்கும்."