குவாட் பைக்கில் ஒரு கண்டறியாத என்ட்ரி

இல்ஃபோர்ட்டில் தங்கச்சி வீட்டு வாசலில் அந்தச் சாமானை வான் வண்டியிலிருந்து இறக்கும்போதே அம்பலவாணன் முகத்தைச் சுளித்தார். நாலு தடித்த சில்லு, அடியெல்லாம் காய்ந்த சேறு, ஒரு ஆள் மாத்திரம் இருக்கக்கூடிய சீற். தங்கச்சி புருஷன் கடாட்சத்தின் கடைக்கு ஆட்டிறைச்சி கொடுக்கிற எசெக்ஸ் பண்ணைக்காரனிடம் இரண்டு நாளைக்கு இரவல் வாங்கிய குவாட் பைக். அதற்கு மல்லிகை மாலை சுற்றி, பிளாஸ்ரிக் மயிலிறகு குத்தி, முன்னால் மருமகள் தர்மிகாவின் பெயரை மினுங்குகிற எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். நாளைக்கு அவளுக்குப் பூப்பு நீராட்டு, சாமத்திய வீடு. சேலையும் நகையுமாகப் பெட்டையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கார் பஸ் எல்லாம் ஓடுகிற ரோட்டால், அரை மைல் தூரத்து விழா ஹோலுக்குத் தாய்மாமன்தான் இதை ஓட்டிப் போக வேண்டுமாம். கண்டறியாத என்ட்ரி!

போன வருடம் ஒருவன் மகளைக் குதிரை வண்டியில் கொண்டுவந்தான். அதற்கு முதல் ஒருத்தி ஹெலிகொப்டரில் வந்து இறங்கினாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பெரியபிள்ளை ஆனதை ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிப்பதே அம்பலவாணனுக்கு அரியண்டம். அதில் யாருடைய தம்பட்டம் பெரிது என்று போட்டி வேறு. சீ, என்ன சனங்களப்பா.

அவர் குனிந்து வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். நம்பர் பிளேட் இல்லை. சிக்னல் லைற் இல்லை. அம்பலவாணன் இருபத்திரண்டு வருடமாக லண்டனில் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓடுகிறவர். அந்த லைசன்ஸில்தான் அவருடைய குடும்பமே உட்கார்ந்திருக்கிறது, அடுத்த மாதம் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, பொறுமையாகவே மச்சானுக்கு விளங்கப்படுத்தினார். ரோட்டுக்குத் தகுதியென்று ஒப்புக்கொண்ட வண்டியாக இருக்க வேண்டும், பதிவு வேண்டும், வரி வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். ஒன்றும் இல்லாமல் ஏறி ஓடிப் பிடிபட்டால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், லைசன்ஸில் ஆறு புள்ளி விழும், அதோடு தன்னுடைய மினிகாப் தொழிலும் முடிந்தது என்றார்.

கடாட்சம் அதைக் காதில் வாங்கவில்லை. அரை மைல்தானே அத்தான் என்றார்.

அதற்குப் பிறகு நாலு நாட்டுச் சட்டமும் அந்த முன்னறைக்குள் வந்து குந்தியது. பாரிஸிலிருந்து வந்திருந்த கடாட்சத்தின் தம்பி நிமலன், பிரான்ஸில் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே குவாட் பைக் ஓடுகிறது, யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்றான். கனடாவிலிருந்து போனில் முகம் காட்டிய அவர்களுடைய அக்கா, தங்களுக்கு வடக்கே ஒரு ஊரில் சனம் இதில்தான் கடைக்குப் போகுது என்று சாதித்தாள். கடாட்சம் தன் போனை எடுத்து, கிரேக்கத் தீவொன்றுக்கு விடுமுறையில் போனபோது எடுத்த வீடியோவைக் காட்டினார். கடற்கரை ரோட்டில், வெற்றுடம்பும் அரைக் காற்சட்டையுமாய், தொப்பை தள்ளிக்கொண்டு நிற்க, குவாட் பைக்கில் போகிறார் மனுசன். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

அவர் போனை வாங்கி, வீடியோவை நிறுத்தி, விரலால் பெருப்பித்துக் காட்டினார்.

“இதில நம்பர் கிடக்கு, தெரியுதோ? அங்கயெல்லாம் பதிஞ்சு, இன்சூரன்ஸ் போட்டு, ஓட விட்ட இடத்திலதான் ஓடுறாங்கள். இது ஆட்டுக்குப் பின்னால ஓடின சாமான். நாங்கள் நிக்கிறது இல்ஃபோர்ட்டில.”

வேண்டுமென்றால் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஹோலுக்குள் நிறுத்தி வைத்துப் படம் எடுங்கள், பிள்ளையை என்னுடைய காரில் கூட்டி வாறன் என்றும் சொல்லிப் பார்த்தார். கார் எல்லாரிட்டையும் கிடக்குத்தானே என்றான் நிமலன். ரோட்டில் ஓடினால்தான் ட்ரோன் கமராவுக்கு எடுப்பாக இருக்குமாம்.

தங்கச்சி வசந்தமலர் அவரைக் குசினிக்குள் கூப்பிட்டாள். பலகாரச் சட்டிகளுக்கு நடுவில் நின்று, அவர் ஏறாவிட்டால் நிமலனே ஓட்டுவான் என்றும், அதை ஹோலில் மைக்கில் சொல்லியும் விடுவார்கள் என்றும் சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

“அண்ணை, பிள்ளைக்குத் தாய்மாமன் இருந்தும் இல்லையெண்டு இவையின்ர ஆக்கள் காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவினம். என்ர பக்கத்துக்கு உங்களை விட்டா ஆர் இருக்கினம்?”

ஒருவரும் இல்லை. தாய் தகப்பன் போய்விட்டார்கள், கூடப்பிறந்த ஒரே தம்பியைப் பற்றிப் பதினைந்து வருடமாகத் தகவலே இல்லை. விசரன், படு விசரன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, சரி வாறன் என்றார்.

மறுநாள் மத்தியானம் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் குவாட் பைக்கில் ஏறினார். ஆட்டுத் தீனி மூட்டை கட்டுகிற கம்பித் தட்டில் ஒரு தலையணை போட்டு தர்மிகாவை இருத்தியிருந்தார்கள். இரவல் சடையும் இரண்டு பவுண் தங்கத் தொங்கலும் இழுக்க, பிள்ளை அவருடைய இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடச் சிநேகிதிகள் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள். பின்னால் ஏழு கார்கள் ஹோன் அடித்தன. ஒரு காரின் ஸ்பீக்கரிலிருந்து நாதஸ்வரம். மேலே ட்ரோன் இரைந்தது. பஸ் தரிப்பில் நின்ற சனமெல்லாம் போனைத் தூக்கியது. கண்றாவி என்று அம்பலவாணன் பல்லைக் கடித்தார்.

ஹோலுக்கு ஐம்பது யார்ட் தூரம் இருக்கும்போது பின்னால் நீல வெளிச்சம் அடித்தது.

வந்தது ஒரு இளம் பொலிஸ்காரி. மரியாதையாகத்தான் கேட்டாள். வண்டி யாருடையது, இன்சூரன்ஸ் எங்கே, பிள்ளைக்குச் சீற் எங்கே. அம்பலவாணன் திரும்பிப் பார்த்தார். கடாட்சம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஹோலுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். பிரான்ஸ் சட்டம் படித்த நிமலன் கார்க் கண்ணாடியை மெல்ல மேலே ஏற்றினான். ஒரு நாட்டுச் சட்டமும் உதவிக்கு வரவில்லை. அம்பலவாணன் தன் லைசன்ஸை எடுத்துக் கொடுத்தார். என்ன தொழில் என்று அவள் கேட்டாள், அவர் சொன்னார். அவள் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதினாள். மாலையும் மயிலிறகும் ஆட, குவாட் பைக்கை லொறியொன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவர் தர்மிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஹோல் வாசலில் நின்ற கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது. ஏனென்று முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. உள்ளே போனதும், அறிவிப்பாளன் மைக்கில் முழங்கினான்: லண்டன் பொலிஸ் பாதுகாப்போடு வருகை தந்திருக்கும் நம் இளவரசி! நீல வெளிச்சத்தைச் சனம் என்ட்ரியோடு சேர்த்துவிட்டது. கடாட்சம் முன்வரிசையில் நின்று, பொலிஸ் எஸ்கோட் பிடிக்க எவ்வளவு காசு முடிந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம், அதெல்லாம் கேக்கக்கூடாது என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அம்பலவாணனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தாய்மாமன் மாலை போடுவதற்காக மேடையில் ஏற்றியபோது, அவர் மாலையைத் தட்டில் வைத்துவிட்டு அறிவிப்பாளனின் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

“அது எஸ்கோட் இல்லை. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓடினதுக்கு என்னைப் பிடிச்சவை. என்ர மினிகாப் லைசன்ஸ் இண்டையோட சரி.”

முன்வரிசையில் யாரோ குலுங்கிச் சிரித்தார்கள். நல்ல பகிடிக்கார மாமா என்று ஒரு குரல். அடுத்த கணம் நானூறு பேரும் சேர்ந்து கைதட்டினார்கள், பின்னாலிருந்து விசிலும் பறந்தது. தர்மிகா மாத்திரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வசந்தமலர் மேடைக்கு ஏறி வந்து, மைக்கை மெல்ல அவர் கையிலிருந்து கழற்றினாள். சால்வையைச் சரிசெய்வதுபோல் காதருகே குனிந்தாள்.

“சிரியுங்கோ அண்ணை, கமரா பாக்குது.”

அம்பலவாணன் மாலையை எடுத்து மருமகளின் கழுத்தில் போட்டார். கமராக்காரன் கையைக் காட்டினான். அவரும் பல்லைக் காட்டிச் சிரித்தார். அன்றைக்குக் கண்ட அரியண்டம் எல்லாவற்றையும்விட அந்தச் சிரிப்புத்தான் அவருக்கு அருவருத்தது.