கட்டில்காலில் கட்டிய பேட்டரி

மராக்காய்போ நகரத்து வெயிலில் மனிதனுக்கே ஆயுசு கெட்டியில்லை, பேட்டரிக்கு எங்கே இருக்கும்? நேரியோவின் பழைய காரில் இருந்தது பதினொரு மாதத்திலேயே படுத்துவிட்டது. வேறு சமயமாக இருந்தால் பஸ்ஸில் போயிருப்பார். ஆனால் மனைவி ஒமைராவுக்கு இதயம் வீங்கியிருந்தது. மூச்சு முட்டினால் அரை மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸை நம்பி அந்தத் தெருவில் யாரும் நோயில் விழுவதில்லை.

பெருவில் வீட்டுவேலை பார்க்கும் மகள் யுலீமா பணம் அனுப்பினாள். "நல்லதாப் பாத்து வாங்குங்கப்பா," என்றாள்.

நேரியோ மூன்று கடை ஏறி இறங்கினார். போன தடவை, பழைய பேட்டரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அதனால் அல்சீதஸ் கடையில் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, பேட்டரி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார் அல்சீதஸ்.

"பொண்ணுன்னா ஒருதடவ பாத்தாப் போதும். இது உயிர் விஷயம்யா. தேதி எங்க குத்தியிருக்கு, காட்டு."

போன மாதத் தேதி. மீட்டரை வைத்துப் பார்த்தபோது முள் பச்சைக் கோட்டில் போய் நின்றது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதைத் தூக்கிக்கொண்டார்.

"கேரண்டி திருட்டுக்குக் கிடையாது. பொழுது சாஞ்சா கழட்டி உள்ள வெச்சுக்குங்க."

இதை அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். இருட்டினால் தெருவே பேட்டரியைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் போகும். நேரியோ ஒருபடி மேலே போனார். பகலிலும் கழற்றினார். கட்டிலுக்கடியில் தள்ளி, கட்டில்காலோடு சங்கிலி போட்டுப் பூட்டினார்.

"ஏன்யா, இந்த வயசுல எனக்கொரு சக்களத்தியக் கொண்டாந்துட்டியே!" என்று சிரித்தாள் ஒமைரா.

"சிரிக்காத, மூச்சு வாங்கும்," என்றார் நேரியோ. அன்று அவருக்கு மனசு நிறைந்திருந்தது. இனி ஒமைராவுக்கு ஒன்றும் ஆகாது என்றே நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவளைத் தூக்கிக் காரின் முன்சீட்டில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினார். அவசரத்தில் சாவி பூட்டுக்குள் நுழைய மறுத்தது. பேட்டரியைச் சுமந்து வந்து வைத்து, முறுக்கும்போது ஒரு நட்டு நழுவி எஞ்சினுக்குள் விழுந்தது. வண்டிக்கடியில் படுத்துத் தேடினார்.

"இதோ ஆச்சு, ஒமைரா! இதோ ஆச்சும்மா!"

தூக்கிய பானெட் அவளை மறைத்திருந்தது. அதை இறக்கியபோது அவள் தலை கதவுப்பக்கம் சரிந்திருந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் நாடியைப் பிடித்துப் பார்த்த நர்ஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் யுலீமா போனில் கதறினாள். "வண்டி கிளம்பலையாப்பா? அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி அல்சீதஸ் மேல் போய்விடும். அந்த வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல கண்ணு. சாவியத் திருப்புன உடனே கிளம்பிச்சு. நான்தான் பேட்டரியக் கட்டில்கால்ல கட்டிப்போட்டிருந்தேன்."

 மறுமுனையில் யுலீமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

அதுவரை அழாதிருந்த நேரியோ அப்போதுதான் உடைந்து அழுதார்.