துணியில் ஒட்டாத மஞ்சள்

ராஜபாய்க்கு அரிப்பு முதலில் உள்ளங்கையில்தான் வந்தது. பிறகு உள்ளங்காலில். தடிப்பில்லை, கொப்புளமில்லை. பகலெல்லாம் கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“கையில எறும்பு குடியேறிட்டா மைனி?” என்று சிரித்தாள் நாத்தனார் தேவகனி.

“உனக்குச் சிரிப்பு. தோலுக்கு உள்ளாடி அரிக்கி ஏட்டி. சொறிஞ்சா எட்ட மாட்டேங்கு.”

தேவகனி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். பத்து நாள் பூசியும் அடங்கவில்லை. கையும் காலும் மஞ்சளாய்க் கிடந்தன; பூசிய கை மஞ்சளாகத்தானே இருக்கும் என்று இருவரும் இருந்துவிட்டார்கள்.

கணவன் இறந்தபின் ராஜபாய்க்கு மிஷன்காரர்களின் ரேந்தைப் பள்ளிதான், நூலில் பூவலை பின்னும் வேலை கொடுத்து, சோறு போட்டது. போன வருஷம் விரல் முட்டுகள் வீங்கி, பின்னுகிற நூல் கட்டைகளைப் பிடிக்க முடியாமல் போயிற்று. கொழும்பிலிருந்து வந்த தம்பி ஒரு குப்பி சீமை மாத்திரை கொடுத்தான். தின்னத் தின்ன விரல்கள் பழையபடி ஓடின. அதிலிருந்து குப்பி அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

ரேந்தைப் பள்ளியில் மேற்பார்வை பார்க்கும் நேசம்மாள் வாசலிலேயே மறித்தாள். “இந்தக் கையோட ரேந்தையைத் தொட்டிராத. கப்பல்ல போற சரக்கு. மஞ்சளைக் கழுவிட்டு வா.”

மூன்று நாள் சீயக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டுப் போனாள். கை அப்படியேதான் இருந்தது. நேசம்மாள் ஈரத்துணியால் அவள் விரலை அழுத்தித் துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. அவளை வெளிச்சத்துக்கு இழுத்துக் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தாள்.

“ஏட்டி, இது பூசின மஞ்சள் இல்ல. காமாலை.”

அன்றே தேவகனி அவளை மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் ஜெபதாஸ் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

“என்ன மருந்து தின்னுக?”

“ஒண்ணும் இல்லைய்யா.”

தேவகனி திரும்பிப் பார்த்தாள். ராஜபாய் தரையைப் பார்த்தாள். சொன்னால் குப்பியை வாங்கிவிடுவார்கள். குப்பி போனால் விரல் போகும்.

“நாட்டு மருந்தோ சீமை மருந்தோ, ஏதோ ஒண்ணு உன் ஈரலைக் கெடுத்திருக்கு. பித்தம் வெளிய போக வழியில்லாம ரத்தத்தில ஏறுது. அதுதான் அரிக்கி. இன்னும் தின்னா நான் கைவிட வேண்டியதுதான்.”

ராஜபாய் தன் விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினாள். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் குப்பியை மேசைமேல் வைத்தாள்.

“நிறுத்தினா பிழைப்பேனாய்யா?”

“ஈரல் தேறணும். அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. பாப்போம்.”

ஐந்து வாரம் படுக்கையில் உறக்கமில்லாமல் கிடந்து சொறிந்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி நின்றன. ஒரு மத்தியானம் தேவகனி கஞ்சியோடு வந்தபோது ராஜபாயின் கைகள் அசையாமல் கிடந்தன. தேவகனி பதறிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“விடு ஏட்டி,” என்றாள் ராஜபாய், கண் திறக்காமல். “இப்பத்தான் உறங்குகேன்.”