நீதிபதி கேட்காத கேள்வி

தண்டனை சொல்வதற்கு முன், குற்றவாளி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று நீதிபதி அவரிடமே கேட்க வேண்டும். சட்டம் அப்படி. ஆனால் டெக்சஸ் எல்லையோர நீதிமன்றம் ஒன்றில் அன்று பதினாறு பேருக்குத் தண்டனை. நீதிபதிக்கோ பசி நேரம். டெல்ஃபினா ஓகாம்போவை அவர் கேட்கவில்லை. நாடு கடத்திய பிறகும் எல்லை தாண்டி வந்ததற்கு முப்பது மாதம் என்று சொல்லிவிட்டு, அடுத்த கோப்பைப் பிரித்தார்.

"இதுக்கு அப்பீல் போகலாம், டெல்ஃபினாம்மா," என்றாள் அரசு செலவில் அவளுக்குக் கிடைத்த வக்கீல் மரிசேலா. "ஆனா ஜெயிச்சாலும் திரும்ப இவர்கிட்டதான் வரணும். கேப்பாரு, அதே முப்பதைக் குடுப்பாரு."

"கேக்கட்டும்."

"ஒரு வருஷம் ஆகும்."

"நான் எங்க போகப் போறேன், வக்கீலம்மா? உள்ளதான இருக்கேன்."

சொல்வதற்கு அவளிடம் விஷயம் இருந்தது. கணவன் எவாரிஸ்தோவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் அவனை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனது அவள்தான். அது முடிந்துதான் வெங்காயக் கிடங்கு வேலை. அவளை மெக்சிகோவுக்குத் துரத்திய நான்காம் மாதம், இரண்டு முறை போக முடியவில்லை என்று அவன் போனில் சொன்னான். அந்த வாரமே எல்லை ஆற்றில் இறங்கிவிட்டாள். கோப்பில் இதெல்லாம் இல்லை. அவள் பிடிபட்ட தேதிகள் மட்டும் பிசகில்லாமல் இருந்தன.

அப்பீல் முடியப் பதினான்கு மாதம் ஆனது. ஜெயித்தார்கள். ஆனால் பதினோராம் மாதமே எவாரிஸ்தோ போய்விட்டான். சிறைத் தொலைபேசியில், பின்னால் வரிசை நிற்க, அவள் அதைக் கேட்டாள். முகம்கூடப் பார்க்க விடவில்லை பாவிகள்.

மறுவிசாரணையன்று மரிசேலா ஒரு தாளை நீட்டினாள். வருந்துகிறேன், இனி வரமாட்டேன் என்று எழுதியிருந்தது.

"இத மட்டும் படிங்க. ஆறு மாசமாவது குறையும்."

டெல்ஃபினா தாளை மடித்து அவளிடமே கொடுத்தாள்.

"ஏதாவது சொல்லணுமா?" நீதிபதி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

"சொல்லணும். போன தடவை கேட்டிருந்தீங்கன்னா, என் புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேற ஆள் இல்ல, எத்தனை தடவ துரத்தினாலும் வருவேன்னு சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல. இப்ப அவரு செத்துட்டாரு. இனிமே வரமாட்டேன், ஐயா. உங்களுக்குப் பயந்து இல்ல. வந்து பார்க்க ஆள் இல்ல, அவ்வளவுதான். வந்தது தப்புன்னு மட்டும் என் வாயால சொல்லமாட்டேன்."

மரிசேலா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். நீதிபதி அதே முப்பது மாதத்தைச் சொன்னார்.

டெல்ஃபினா, நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணைக் காட்டினாள்.

"நான் சொன்னதெல்லாம் அந்தம்மா அடிச்சாங்களா?"

"ஒண்ணு விடாம," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"தப்புன்னு சொல்லமாட்டேன்னேனே, அது?"

"அதுவும் இருக்கு."

"சரி, போலாம்," என்று காவலரிடம் சொல்லிவிட்டு, அவளே முன்னால் நடந்தாள்.